எடை குறைக்கும் ஊசி: தைப்பூச விரதத்தோடு நிறுத்திவிடலாமா?

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து 44 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் அடையாளங்களும் இல்லாமல் அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 17 வருடம். கணக்கு எழுதும் வேலை. உயரம் 158 சென்டிமீட்டர். 13 மாதத்துக்கு முன்னால் 94 கிலோ இருந்தவர் இப்போது 77 கிலோ. செமாகுளுடைடு என்ற வாராந்திர ஊசி மருந்தை ஓசெம்பிக் என்ற பெயரில் ஆரம்பித்து, 2025 ஆகஸ்டில் அதே மருந்தான விகோவி தென்னாப்பிரிக்காவுக்கு வந்த பிறகு அதற்கு மாறியிருக்கிறார். இப்போதைய அளவு 1.7 மில்லிகிராம். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 6.2-லிருந்து 5.5-க்கு இறங்கிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் பாதியாக்கியிருக்கிறார். மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு இந்த ஊசிக்கு எதுவும் தருவதில்லை. மாதம் மூவாயிரம் ரேண்டுக்கு மேல் கைக்காசு போகிறது. மகன் அடுத்த வருடம் யுனிவர்சிட்டிக்குப் போகவேண்டும். அதனால் இரண்டு மாதமாக 34 வயது நாத்தனாரோடு ஒரே ஊசிப் பேனாவைப் பங்கு போட்டுக்கொள்கிறார். ஒரு வாரம் இவர், மறுவாரம் நாத்தனார், பேனாவின் குமிழைத் திருப்பும்போது கேட்கும் கிளிக்கை எண்ணிக் கொஞ்சம் குறைவாக. நாத்தனார் குழந்தைக்கும் முயற்சி செய்கிறார். "ஊசி முனையை ஒவ்வொரு தடவையும் மாற்றிவிடுகிறோம், டாக்டர்" என்று எழுதியிருக்கிறார்.

அவருடைய யோசனை இது. தைப்பூசத்துக்குக் கொடியேறும் நாளில் ஊசியை நிறுத்திவிடுவது. பத்து நாள் காவடி விரதம் இருந்தால் உடம்பு பசிக்குப் பழகிவிடும், அப்புறம் ஊசி தேவைப்படாது. மாமியாரோ, "நிறுத்தினால் இரண்டு மடங்காக ஏறும்" என்று பயமுறுத்துகிறார். அலுவலகத் தோழி ஒருவர் அழகு நிலையத்தில் சின்னக் குப்பியில் பாதி விலைக்குக் கிடைப்பதாகச் சொல்கிறார். "இந்த ஊசியை எவ்வளவு நாள் போடவேண்டும்? எப்படிப் பத்திரமாக நிறுத்துவது?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

17 கிலோ என்பது உங்கள் பழைய எடையில் 18 சதவீதம். ஊசி ஒன்றே செய்த வேலை இல்லை இது. இரவு பத்து மணிக்கு மிஞ்சிய பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிடும் பழக்கத்தை விட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் இதில் பங்கு உண்டு. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

அந்தப் பேனாவைப் பங்கு போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்

முனையை மாற்றினால் போதும் என்பது தவறு. ஊசி போட்டு எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமோ திசுவோ பின்னோக்கிப் பேனாவின் மருந்துக் குழாய்க்குள் போக முடியும். புது முனை செருகினாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி எல்லாமே இப்படிப் பரவ வழி இருக்கிறது. ஒரே வீட்டுப் பெண்கள், இருவரும் ஆரோக்கியமானவர்கள் என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. இருவரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் நாத்தனாருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாகுளுடைடை நிறுத்திவிடவேண்டும் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். எடை குறையும்போது கருமுட்டை சரியாக வெளிவர ஆரம்பித்து, எதிர்பாராமல் கரு தங்குவதும் உண்டு. அவர் இப்போதே நிறுத்திவிட்டுத் தன் மருத்துவரைப் பார்க்கட்டும். மாதவிடாய் ஒரு நாள் தள்ளிப்போனாலும் உடனே பரிசோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்து அவருக்காக எழுதப்பட்டதில்லை. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் உண்டா, கணைய அழற்சி வந்திருக்கிறதா என்று அவரிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

ஊசி போட்ட மறுநாள் உங்களுக்கு வாந்தி வருகிறது, அடுத்த வாரக் கடைசியில் அகோரப் பசி வருகிறது என்கிறீர்கள். அதற்கும் இந்தப் பங்குதான் காரணமாக இருக்கவேண்டும். ரத்தத்தில் செமாகுளுடைடு பாதியாகக் குறைய சுமார் ஒரு வாரம் ஆகும். வாராவாரம் போட்டால் அளவு ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு வாரம் விட்டு முழு அளவைப் போட்டால் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். குடலும் வயிறும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது.

அழகு நிலையத்துக் குப்பியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். எவ்வளவு மருந்து, யார் கலந்தது, எந்தக் குளிரில் வைத்திருந்தது என்று எதுவுமே தெரியாத திரவம் அது. போலி ஊசிகளைப் பற்றி நம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ராவும் எச்சரித்திருக்கிறது.

எவ்வளவு நாள் போடவேண்டும்?

ஆன்டிபயாடிக் போல "ஐந்து நாள் சாப்பிட்டு முடி" என்று இதற்கு ஒரு கோர்ஸ் கிடையாது. நிறையப் பேர் ஆறு மாதம் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்கும்போதே இதைச் சொல்லாதது எங்கள் தொழிலில் இருப்பவர்களின் குறை.

எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது, உடம்பு செலவழிக்கும் கலோரியும் இறங்கிவிடுகிறது. ஊசி இருக்கும்வரை மூளைக்கும் வயிற்றுக்கும் "போதும்" என்ற செய்தி வெளியிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் அந்தச் செய்தி நின்றுவிடுகிறது, பஞ்ச காலத்துப் பசி மட்டும் மிஞ்சுகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா, அதே மாதிரிதான். உலக சுகாதார நிறுவனம் 2025 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடல்பருமனை நாள்பட்ட நோயாகவே பார்க்கிறது. இந்த ஊசியை நீண்ட காலச் சிகிச்சையாகவே சொல்கிறது.

உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வு 2021-இல் வந்தது. அதில் பங்கேற்றவர்களில் 327 பேரை, 68 வாரம் ஊசி போட்டு நிறுத்திய பிறகு இன்னும் ஒரு வருடம் கவனித்தார்கள். மருந்து போட்டவர்கள் சராசரியாக 17.3 சதவீதம் குறைந்திருந்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் கணக்குதான். நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. உங்களுக்கு அது 11 கிலோ, அதாவது 88-க்குப் போவது. ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றில் கிடைத்த லாபமும் பெரும்பாலும் பழைய நிலைக்கே போனது. ஆனால் இரண்டு மடங்காக ஏறவில்லை. ஒரு வருடம் கழித்தும் சராசரியாக 5.6 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். இது சராசரி என்பதையும் மறக்காதீர்கள். முழுதும் திரும்பியவர்களும் உண்டு, பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

மெர்பேங்கிலிருந்து ஒருவர் என்னிடம் வருவார். 22 கிலோ குறைத்தவர். ஒருநாள் உள்ளே வந்ததும் உட்காரவில்லை. "கோபப்படாதீங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆணியைச் சுடவைத்து அவரே போட்ட மூன்று புது ஓட்டைகள் அதில் இருந்தன. கொக்கி பதிந்த தடம் அந்த மூன்றையும் தாண்டிப் பழைய ஓட்டைக்கே திரும்பிப் போயிருந்தது. ஊசியை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. வெட்கத்தினால் அதுவரை வரவில்லை. அந்த ஏழு மாதத்தில் சர்க்கரையும் ஏறிவிட்டது. அவர் முதல் மாதமே வந்திருந்தால் செய்திருக்கக்கூடியது நிறைய இருந்தது. எடை திரும்புவதை விட அந்த வெட்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. பசி திரும்புவது உங்கள் மன உறுதியின் குறை இல்லை. இதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியானால் உங்களுக்கு? உங்கள் பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 37.7-லிருந்து 30.8-க்கு வந்திருக்கிறது. தெற்காசிய உடம்புக்கு 27.5-க்கு மேலேயே ஆபத்து அதிகம் என்பது கணக்கு. உங்களுக்குச் சர்க்கரை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக நிறுத்தவேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. பணக் காரணத்துக்காக நிறுத்த நினைக்கிறீர்கள். அதுவும் நியாயமான காரணம்தான், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. ஆனால் காரணம் பணம் என்றால், "போடுவது அல்லது விடுவது" என்ற இரண்டு வழிக்கு நடுவில் இன்னொரு வழியும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் பேசி, வாராவாரம் போட்டுக்கொண்டே அளவை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். 1.7-லிருந்து 1, அங்கே எடை நின்றால் 0.5. சிலருக்குக் குறைந்த அளவிலேயே எடை நிற்கிறது. எந்த அளவுக்கு என்ன விலை என்று மருந்துக்கடையில் கேளுங்கள்; கீழ்ப்படிகள் பொதுவாக மலிவு.

மெடிக்கல் எய்டைப் பற்றி: சட்டப்படி கட்டாயம் ஈடுசெய்யவேண்டிய நாள்பட்ட நோய்களின் பட்டியலில் ரத்த அழுத்தமும் டைப் 2 சர்க்கரையும் இருக்கின்றன, உடல்பருமன் இல்லை. ஊசிக்கு அவர்கள் மறுப்பதை நீங்கள் பெரிதாக எதிர்க்க முடியாது. ஆனால் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையையும் அதற்கான பரிசோதனைகளையும் கைக்காசில் செய்கிறீர்கள் என்றால், அந்த நோயை நாள்பட்ட நோயாகப் பதிவு செய்யும் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி வாங்குங்கள். மாதாமாதம் கொஞ்சம் மிஞ்சும்.

விரதத்தோடு நிறுத்துவது

முருகனுக்கு விரதம் இருக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் காவடி எடுக்கிறார்கள். ஆனால் விரதத்தை ஊசி நிறுத்தும் வழியாக வைத்துக்கொண்டால் அது உங்களை ஏமாற்றிவிடும்.

கொடியேறும் நாளில் கடைசி ஊசி போட்டீர்கள் என்று வையுங்கள். பத்து நாள் கழித்துக் காவடி இறக்கும்போதும் அந்த மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்பில் இருக்கும். அதனால் விரதம் சுலபமாகப் போகும். "பார்த்தாயா, பசியே இல்லை, பழகிவிட்டது" என்று தோன்றும். அது பழக்கம் இல்லை, மிச்சமிருக்கும் மருந்து. அது முழுக்க வெளியேற ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். உண்மையான பசி வருவது மாசி மாதத்தில், விரதமும் இல்லாமல், கூடப் பாடுபவர்களும் இல்லாமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும் வழியில். அந்த நாளுக்குத்தான் தயாராகவேண்டும்.

இன்னொன்று. விரதத்தில் நாளுக்கு ஒரே வேளை மட்டும் கொஞ்சமாகச் சாப்பிடும்போது குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும்தான். ஊசியில் குறைந்த எடையிலும் ஒரு பங்கு ஏற்கெனவே தசையாகத்தான் போயிருக்கும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கும் கலோரியும் குறையும், திரும்ப ஏறும் எடை கொழுப்பாகவே ஏறும். டர்பனின் தை மாத வெயிலில், புழுக்கத்தில், வெறுங்காலோடு நடப்பதும் இருக்கிறது. தாகம் தெரியாமல் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம் வரும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விரத நாட்களில் ஊசியைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இருக்கும் அளவிலேயே தொடருங்கள். அந்த ஒருவேளைச் சாப்பாட்டில் பருப்பும் தயிரும் கண்டிப்பாக இருக்கட்டும். நாள் முழுவதும் தண்ணீர், மோர். மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்தும் வேலையைத் தைப்பூசம் முடிந்து வைத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால்

திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. போதைப் பொருளை விட்டால் வருவது போன்ற நடுக்கம் இதில் கிடையாது. மருந்து மெதுவாக வெளியேறுவதால் அதுவே ஒருவகைப் படியிறக்கம்தான். இருந்தாலும் நான் என் நோயாளிகளுக்கு மாதம் ஒரு படியாக இறக்கத்தான் சொல்கிறேன். பசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்போது அதை அடையாளம் கண்டு சமாளிக்க நேரம் கிடைக்கும். படியாக இறக்கினால் எடை ஏறவே ஏறாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நிறுத்துவதற்கு மூன்று மாதம் முன்பே, அதாவது இப்போதே, தசைக்கான பயிற்சியை ஆரம்பியுங்கள். டென்மார்க்கில் லிராகுளுடைடு என்ற இதே குடும்பத்து ஊசியை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், ஊசியோடு முறையாக உடற்பயிற்சியும் செய்தவர்கள், நிறுத்திய பிறகு ஊசி மட்டும் போட்டவர்களைவிட எடையை நன்றாகக் காப்பாற்றினார்கள். ஜிம் கட்டணம் தேவையில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, கை வைக்காத நாற்காலி ஒன்று போதும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குங்கள். வாரம் இரண்டு மூன்று நாள். நடையும் வேண்டும், எடையைக் காக்க வாரம் 200 நிமிடத்துக்கு மேல் என்று கணக்கு வையுங்கள்.

சாப்பாட்டில் புரதம் நாளைக்கு 80 முதல் 90 கிராம் வரவேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் சமையலில் இதற்கு வழி இருக்கிறது. முட்டை, மீன், சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, அமாசி என்ற புளித்த பால். தட்டில் முதலில் கீரையும் பீன்ஸும், ரொட்டியோ சோறோ கடைசியில். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பிய பன்னி சௌ சாப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. கால் ரொட்டி வாங்கி, உள்ளே இருக்கும் பீன்ஸைச் சாப்பிட்டு ரொட்டியில் பாதியை வையுங்கள்.

கடைசி ஊசிக்கு முன்னால் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், எச்பிஏ1சி, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதிவையுங்கள். பிறகு எடையை வாரம் ஒருநாள், அதே கிழமை காலையில். ரத்த அழுத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்துக்கடை நர்ஸிடம் பாருங்கள். பாதியாக்கிய மாத்திரை மறுபடி முழுதாக வேண்டியிருக்கலாம், அதைத் தெரியாமல் விட்டுவிடக் கூடாது. எச்பிஏ1சி மூன்று மாதத்தில் ஒருமுறை. 77 என்பது 80 ஆனால், அன்றே மருத்துவரை அழையுங்கள். 88 ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள். மறுபடி ஊசி தேவை என்று முடிவானால், பல வாரம் இடைவெளி விழுந்திருக்கும்போது நேராக 1.7-இல் ஆரம்பிக்கக் கூடாது. 0.25-இலிருந்துதான் ஏறவேண்டும், இல்லையென்றால் வாந்தியில் படுத்துவிடுவீர்கள்.

ஊசி போடும் காலத்திலும், நிறுத்திய முதல் வாரங்களிலும், மேல்வயிற்றில் முதுகுவரை பாயும் விடாத வலி வந்தாலோ, வலதுபக்க விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ வந்தாலோ, காலைவரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதலாவது கணையம், இரண்டாவது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறைந்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருவது அபூர்வம் இல்லை.

பிரிட்ஜில் இன்னும் பிரிக்காத பேனா ஒன்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுடையது மட்டும்தான். 2 முதல் 8 டிகிரியில், உறைபெட்டியை ஒட்டாமல், பிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படாது. பிரித்த பிறகு ஆறு வாரம் வரைக்கும் பயன்படுத்தலாம். அந்த ஆறு வாரமும், லோட் ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தினாலும், 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில் இருந்தால் போதும். இருவரும் பங்கு போட்டுப் பாதி காலியான பேனாவை இனி யாரும் தொடவேண்டாம். முனைகளோடு கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, மருந்துக்கடையில் கொடுத்துவிடுங்கள். அதில் இரண்டு வார மருந்து மிச்சம் இருக்கிறதே என்று மனசு கணக்குப் போடும். போகட்டும், சகோதரி.